தகரத் தொட்டி செய்யக் கொடுக்கும் முன்... பட்டறைக்கு எடுத்துச் செல்ல ஒரு காகிதம்!

சம்பா அறுவடை முடிந்து நெல் களத்தில் காயும் நேரத்தில், பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுப் பக்கத்து விவசாயிகள் பலர் புதுச்சேரிப் பட்டறைகளின் படியேறுவார்கள். நெல் போட்டு வைக்கத் தொட்டி, மாட்டுக்குத் தீவனத் தொட்டி, மோட்டாருக்கு மழை மூடி, இயந்திரத்தின் பெல்ட்டுக்குக் காப்பு என்று தகட்டில் செய்ய வேண்டியவை எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

'நாலு மூட்டை நெல்லு புடிக்கணும், நல்லா கெட்டியா செஞ்சு குடுங்க' என்று வாய்வார்த்தையாகச் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். பத்து நாள் கழித்துத் தொட்டி வீட்டுக்கு வரும்போதுதான் சிக்கல் தெரியும். வாசற்படியில் நுழையாது. மூடி இறுகாது. அடியில் கடைசி இரண்டு மரக்கால் நெல் வெளியே வராது. இரண்டு மழைக்காலம் போனதும் பற்றவைத்த கோடு முழுக்கத் துரு ஏறியிருக்கும். பழி பட்டறைக்காரர் தலையில் விழும். ஆனால், இந்தக் குறைகளில் பெரும்பாலானவை சுத்தியல் தொடும் முன்பே, அளவு சொல்லும்போதே உண்டாகிவிடுகின்றன. அந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

குதிரிலிருந்து தகரத்துக்கு!

மண் குதிர், மரப் பத்தாயம், தொம்பை என்று நெல்லைக் காத்த பழைய முறைகளுக்கு ஓர் அளவுக்குப் பலம் உண்டு. ஆனால், எலியும் ஈரமும் வந்தால் அவை தாங்குவதில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலும், 2024 நவம்பர் 30-ம் தேதி புதுச்சேரி அருகே கரை கடந்த 'ஃபெஞ்சல்' புயலும் இதை மறக்க முடியாதபடி காட்டின. ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சாக்கில் கட்டித் தரையில் அடுக்கிய நெல் இப்படிப்பட்ட மழையில் தப்பாது.

உத்தரப்பிரதேச மாநிலம், ஹாப்பூரில் 1958-ம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய அரசின் தானியச் சேமிப்பு ஆராய்ச்சி மையம், வீட்டுக்கேற்ற தகரத் தொட்டிகளை வடிவமைத்தது. 1960-களில் தொடங்கிய தானியப் பாதுகாப்பு இயக்கம் அவற்றைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. கடல் கடந்தும் இதே கதைதான். மத்திய அமெரிக்காவில் இருக்கும் ஹோண்டுராஸ் நாட்டில் 1980-களில் சுவிட்சர்லாந்து அரசின் உதவியுடன் 'போஸ்ட்கோசெச்சா' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அங்கு பெரிய தொழிற்சாலைகளைத் தேடவில்லை. கிராமத்துத் தகர வேலைக்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, உருளை வடிவத் தொட்டிகளைச் செய்ய வைத்தார்கள். பக்கத்து நாடுகளுக்கும் அது பரவியது. சரியான வடிவமும் அளவும் கையில் இருந்தால், சின்னப் பட்டறையே போதும் என்பதற்கு அது சான்று.

அந்த விஷயத்தில் புதுச்சேரிக்குக் குறையில்லை. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. திருபுவனையில் வாஷிங் மெஷினே தயாராகிறது. அதன் உடலும் தகடு வெட்டி, துளையிட்டு, மடித்துச் செய்வதுதான். அங்கே பொறியாளர்கள் கடைப்பிடிக்கும் விதிகள்தான் நெல் தொட்டிக்கும் பொருந்தும்.

காகிதத்தில் ஐந்து பதில்கள்

பட்டறைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் ஐந்து பதில்களை எழுதிக்கொள்ள வேண்டும்.

1. உள்ளே என்ன போடப்போகிறோம்? நெல்லா, அரிசியா, உளுந்தா, தவிடா? ஒரு கன மீட்டர் இடத்தில் நெல் 575 முதல் 600 கிலோ வரை பிடிக்கும். அதே இடத்தில் அரிசி சுமார் 780 கிலோ பிடிக்கும். பொருள் மாறினால் சுமையும் மாறும்.

2. எவ்வளவு? மூட்டைக் கணக்கில் சொல்லாமல் கிலோ கணக்கில் எழுத வேண்டும். 62 கிலோ மூட்டையும் உண்டு, 75 கிலோ மூட்டையும் உண்டு.

3. எங்கே வைக்கப்போகிறோம்? நிலைவாசலின் அகலம், கூரையின் உயரம், மாடிப்படி இருந்தால் அதன் திருப்பம் ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும்.

4. யார் கையாளப்போகிறார்கள்? தினமும் நெல் எடுப்பது வீட்டுப் பெண்கள் என்றால், வாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

5. எப்படிச் சுத்தம் செய்யப்போகிறோம்? கை எட்டாத மூலை இருந்தால், வண்டு அங்கேதான் குடியிருக்கும்.

இந்தத் தாளின் பின்பக்கத்தில் கையாலேயே ஒரு படம் வரைந்து, ஒவ்வோர் அளவையும் குறிக்கலாம். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. அளவுக்குப் பக்கத்தில் 'உள் அளவு', 'வெளி அளவு' என்பதை மட்டும் மறக்காமல் எழுத வேண்டும். பட்டறைகளில் நடக்கும் தகராறுகளில் நிறைய, இந்த ஒரு சொல் இல்லாததால் வருபவை.

'கேஜ்' என்றால் என்ன?

மீட்டர் அளவு முறையை உலகுக்குத் தந்தது பிரான்ஸ். அந்த பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரிலும் பட்டறைக்குள் நுழைந்தால் காதில் விழுவது அடி, அங்குலம், நூல், கேஜ்தான். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல். கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். அதில் குழப்பமில்லை. குழப்பம் கேஜில்தான்.

கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும். பட்டறைகளில் வழங்கும் பிரிட்டிஷ் கணக்கின்படி 16 கேஜ் என்பது சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ., 22 கேஜ் 0.7 மி.மீ., 24 கேஜ் 0.55 மி.மீ., 26 கேஜ் 0.45 மி.மீ. ஆனால், துத்தநாகம் பூசிய தகட்டுக்கான அமெரிக்கக் கணக்கில் அதே 24 கேஜ் 0.70 மி.மீ. வரும். அதாவது, 0.70 மி.மீ. என்று நினைத்துப் பணம் கொடுத்தவருக்கு 0.55 மி.மீ. தகடு கிடைத்தால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு குறைந்துபோகிறது. யாரும் ஏமாற்றாமலேயே இது நடக்கும். அதனால், பில்லிலும் படத்திலும் மில்லிமீட்டரில் எழுதச் சொல்வதே நல்லது.

எடையைப் பார்த்தும் சரிபார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 1 மி.மீ. தடிமனில் 7.85 கிலோ இருக்கும். எட்டடிக்கு நாலடித் தகட்டின் பரப்பு 2.97 சதுர மீட்டர். ஆகவே, 0.8 மி.மீ. தகடு என்றால் சுமார் 18.7 கிலோ, 0.6 மி.மீ. என்றால் சுமார் 14 கிலோ எடை காட்ட வேண்டும்.

ஒரு தகடு... ஒரு தொட்டி!

தகடு கடையில் எட்டடிக்கு நாலடியாகத்தான் கிடைக்கிறது. அந்த அளவை மனதில் வைத்து வடிவமைத்தால் கழிவு குறையும். காசும் மிச்சமாகும்.

எட்டடி நீளத்தை அப்படியே சுருட்டி உருளையாக்கினால், 2,440 மி.மீ.யில் இணைப்பு மடிப்புக்கு 24 மி.மீ. போக 2,416 மி.மீ. சுற்றளவு கிடைக்கும். குறுக்களவு சுமார் 77 சென்டிமீட்டர். நாலடி உயரத்தில் மேலும் கீழும் மடிப்புக்குப் போக 119 சென்டிமீட்டர் மிஞ்சும். இந்த உருளையின் கொள்ளளவு 0.55 கன மீட்டர். நெல்லாகக் கணக்கிட்டால் 315 கிலோ. மேலே கொஞ்சம் இடம் விட்டால் 300 கிலோ, அதாவது 75 கிலோ மூட்டையில் நான்கு. இரண்டாவது தகட்டில் அடித்தட்டும் மேல்தட்டும் வட்டமாக வெட்டியது போக, வாய், மூடி, கைப்பிடி எல்லாவற்றுக்கும் மிச்சத் துண்டு போதும். தொட்டி முழுவதும் 0.8 மி.மீ.யில் செய்தாலும் எடை 26 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். இரண்டு பேர் தூக்கலாம்.

'சதுரமா செஞ்சா மூலையில அடங்குமே' என்று பலர் கேட்பார்கள். சதுரத் தொட்டியில் நெல்லின் அழுத்தம் தட்டையான சுவரை வெளியே தள்ளும். சுவர் தொப்பை போடும், இணைப்பு வாய் பிளக்கும். அதைத் தடுக்கக் கெட்டித் தகடும் ஆங்கிளும் போட வேண்டும். உருளையில் அதே அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவி, தகட்டை இழுக்க மட்டுமே செய்யும். இழுப்பைத் தகடு நன்றாகத் தாங்கும். அதனால்தான் இந்த அளவுத் தொட்டிக்கு 0.6 முதல் 0.8 மி.மீ. தகடே போதுமானதாகிறது. உருளையின் மேல் இரண்டு, மூன்று இடங்களில் சுற்றிலும் மேடு தட்டச் சொன்னால், காலியாக இருக்கும்போதும் நசுங்காது.

மடிப்பில்தான் இருக்கிறது சூட்சுமம்

தீவனத் தொட்டி, மோட்டார் மூடி போன்றவற்றில் மடிப்புகள் அதிகம். அவற்றுக்கு ஆறு விதிகள் போதும்.

முதலாவது, மடிப்பின் உள்வளைவு தகட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது. 1 மி.மீ. தகட்டுக்கு 1 மி.மீ. வளைவாவது வேண்டும். கத்தி முனைபோல் மடித்தால் வெளிப்பக்கத்தில் துத்தநாகப் பூச்சு வெடிக்கும். கடல் காற்று அந்த வெடிப்பில்தான் முதலில் நுழையும்.

இரண்டாவது, தகட்டுக்கும் மரம்போல 'ஓட்டம்' உண்டு. ஆலையில் உருட்டப்பட்ட திசை அது. பெரும்பாலும் எட்டடி நீளவாட்டில் இருக்கும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் தாங்கும். ஓட்டத்தோடு சேர்த்துக் கூர்மையாக மடித்தால், கெட்டித் தகட்டில் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, மடித்து நிறுத்தும் விளிம்பு மிகக் குட்டையாக இருந்தால் இயந்திரத்தில் பிடிமானம் கிடைக்காது. தடிமனைப்போல ஆறு மடங்காவது வேண்டும். 1 மி.மீ. தகட்டுக்கு 6 மி.மீ., 2 மி.மீ. தகட்டுக்கு 12 மி.மீ.

நான்காவது, மடிப்புக்கு மிக அருகில் துளை போடக் கூடாது. போட்டால், மடிக்கும்போது வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். போல்ட் நுழையாது. தடிமனைப்போல இரண்டரை மடங்கு, அதோடு உள்வளைவு. அவ்வளவு தூரம் தள்ளியே துளையின் ஓரம் இருக்க வேண்டும். 2 மி.மீ. தகடும் 2 மி.மீ. வளைவும் என்றால், 7 மி.மீ. தள்ளி. துளையின் அளவும் தகட்டின் தடிமனைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

ஐந்தாவது, இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில் சின்னதாக ஒரு வெட்டு கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால், மூலையில் தகடு கிழியும் அல்லது பிதுங்கி நிற்கும். தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கழுத்து வளைவில் துணியை வெட்டிவிட்டுத் தைப்பது போலத்தான்.

ஆறாவது, மடிக்கும்போது தகடு கொஞ்சம் நீளும். 1 மி.மீ. தகட்டில், வெளி அளவு 5 சென்டிமீட்டர் வீதம் இரண்டு பக்கம் வர வேண்டுமென்றால், 10 சென்டிமீட்டர் வெட்டக் கூடாது. சுமார் 1.8 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். நான்கு மடிப்பு உள்ள பெட்டியில் இந்தக் கணக்கை விட்டுவிட்டால், 7 மி.மீ. பெரிதாகிவிடும். மூடி பொருந்தாமல் போவது இதனால்தான்.

இவை எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, அதே வடிவத்தில் மடித்து, செலோ டேப் ஒட்டிப் பார்க்கலாம். எந்தப் பக்கம் முதலில் மடிப்பது, எங்கே கை நுழையாது, எந்த மூலையில் வெட்டு வேண்டும் என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும்.

கூலியைக் குறைக்கவும் வழி இருக்கிறது. எல்லாப் பாகங்களையும் ஒரே தடிமன் தகட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாத் துளைகளும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை டிரில்லும் அச்சும் மாற்றும் நேரத்துக்கும் கூலி உண்டு.

பற்றவைப்பதா... பூட்டுவதா?

'நல்லா வெல்டிங் வெச்சுக் குடுங்க' என்று கேட்பது பொதுவான பழக்கம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டுக்கு அது பொருந்தாது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாகப் போய்விடும். அந்தப் புகையைச் சுவாசித்தால், பட்டறைத் தொழிலாளிக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். பூச்சு போன இடத்தில் வெறும் இரும்பு நிற்கும். அடுத்த மழையில் அங்கே துரு பிடிக்கும்.

ஓரங்களை ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டி, தட்டி இறுக்கும் பூட்டு மடிப்புதான் இதற்கு ஏற்றது. 8 மி.மீ. அகலப் பூட்டுக்கு அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 24 மி.மீ. தகடு கூடுதலாக ஒதுக்க வேண்டும். தொட்டியின் சுற்றளவுக் கணக்கில் கழித்தது இதைத்தான். பூட்டின் மேல் பற்றுவைக்கும்போது, ஈயம் கலக்காத பற்று வேண்டும் என்று கட்டாயம் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது நாளை குழந்தைகளின் தட்டுக்குப் போகும் நெல். தவிர்க்க முடியாமல் வெல்டிங் செய்த இடங்களில், தொட்டியின் வெளிப்பக்கம் துத்தநாகச் சத்து அதிகமுள்ள பெயின்ட் அடிக்க வேண்டும்.

மழை படும் இடத்தில் வைக்கும் மூடி, கூண்டு போன்றவற்றில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது, கூரைக்குக் கீற்று வேய்வதை நினைத்துக்கொண்டால் போதும். மேல்தகடு வெளியே, கீழ்த்தகடு உள்ளே. தண்ணீர் வழிந்து போகும் திசையில்தான் இணைப்பு இருக்க வேண்டும்.

உப்புக் காற்றுக்கு ஏற்ற தகடு

புதுச்சேரியில் காற்றே இரும்பின் எதிரி. கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீராம்பட்டினம், காலாப்பட்டு போன்ற ஊர்களில் இதன் வேகம் இன்னும் அதிகம்.

ஜி.ஐ. தகட்டில் துத்தநாகப் பூச்சின் அளவை, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். 120, 180, 275 என்று பல தரங்கள் உண்டு. 120 கிராம் என்றால், ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. 275 கிராமில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பூச்சு எவ்வளவு தடிமனோ, அதற்கேற்ப ஆயுளும் கூடும். கடலோரத்தில் 275 கிராம் கேட்பதே சரி. கடையில் 'ஜி.ஐ.தான்' என்று மட்டும் சொன்னால் போதாது. பூச்சு எத்தனை கிராம் என்று கேட்க வேண்டும்.

தண்ணீர் தேங்கும் வடிவமும் துருவை வளர்க்கும். மடித்த விளிம்பு மேல்நோக்கித் திறந்த கால்வாய்போல நின்றால், மழைநீரும் தூசியும் அதில் தங்கும். விளிம்பைக் கீழ்நோக்கி மடிக்கலாம் அல்லது அதில் வடிதுளை போடலாம். தொட்டியின் அடித்தட்டு நேராகத் தரையில் படக் கூடாது. மரக்கட்டை, பலகை போன்றவற்றின் மேல்தான் நிறுத்த வேண்டும்.

இருவேறு உலோகங்கள் சேரும் இடத்திலும் கவனம் தேவை. எவர்சில்வர் தகட்டில் சாதாரண இரும்பு போல்ட் போட்டால், உப்பு ஈரத்தில் அந்த போல்ட் விரைவாக அரிக்கப்படும். ஜி.ஐ. தகட்டோடு பித்தளை, செம்பு சேர்வதும் ஆகாது. எந்தத் தகடோ, அதற்கு இணையான போல்ட்டும் ரிவெட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

விரலும் உயிரும்

வெட்டிய தகட்டின் ஓரம் அரிவாளுக்குச் சமம். கை படும் எல்லா ஓரங்களையும் உள்ளே மடித்து அழுத்திவிடச் சொல்ல வேண்டும். இதனால் விரல் தப்பும். விளிம்பும் வலுப்படும். மாடு வாய் வைக்கும் தீவனத் தொட்டியில் இது கட்டாயம்.

நெல் தொட்டியின் மேல்வாய்க்கு வெளியிலிருந்து பூட்டும் கொண்டி இருக்க வேண்டும். காலித் தொட்டிக்குள் ஒளிந்து விளையாடும் குழந்தை மேலே மூடி விழுந்தால் மூச்சுத் திணறிவிடும். காலியாக இருக்கும் நாள்களிலும் பூட்டியே வைக்க வேண்டும்.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை போன விவசாயிகளும் கூலித்தொழிலாளர்களும் நாட்டில் ஏராளம். அந்த விபத்துகளைத் தடுக்கத்தான் அபாயகரமான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 1983-ம் ஆண்டு வந்தது. கதிர் செலுத்தும் தகட்டுப் பாதை குறைந்தது 900 மி.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் 450 மி.மீ.யாவது மேலே மூடியிருக்க வேண்டும் என்பது இந்திய தரநிலை. கை நீட்டினாலும் விரல் உருளையைத் தொடக் கூடாது என்பதுதான் இதன் கணக்கு. 'கதிர் சீக்கிரமா போகட்டும்' என்று அந்தப் பாதையை வெட்டிக் குட்டையாக்கச் சொல்லும் விவசாயியும், வெட்டிக் கொடுக்கும் பட்டறையும் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தோடு விளையாடுகிறார்கள். பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் போடும் காப்பும் அப்படித்தான். விரல் நுழையாத துளையும், ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியாத பொருத்தமும் வேண்டும்.

துளையே வேலை செய்யும் தொட்டி

தகட்டு வடிவமைப்பு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குக் கோயம்புத்தூர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. தானியத்துக்குள் செருகி வைக்கும் அவர்களுடைய பூச்சிப்பொறி, 2 மி.மீ. துளைகள் நிறைந்த ஒரு குழாய்தான். வண்டுகள் காற்றோட்டம் இருக்கும் பக்கம் நகரும் குணம் கொண்டவை. துளை வழியே குழாய்க்குள் நுழைந்து அடியில் விழுந்துவிடும். திரும்பி ஏற முடியாது. தானியம் உள்ளே விழாது. இதே குணத்தை வைத்து, துளையிட்ட உட்சுவர் கொண்ட சேமிப்புத் தொட்டியையும் வடிவமைத்திருக்கிறார்கள். மருந்தில்லை, மின்சாரமில்லை. சரியான அளவில் போட்ட துளை மட்டும்தான். துளை கொஞ்சம் பெரிதானால் தானியம் கொட்டும். சிறிதானால் வண்டு நுழையாது. துளையைச் சுற்றிப் பிசிறு நின்றாலும் பூச்சிக்குத் தடைதான். அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மீதிப் பணம் கொடுக்கும் முன் கால் மணி நேரம் செலவிட்டால் போதும்.

* காகிதத்தில் எழுதிய அளவுகளை டேப் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். தொட்டியை எடை போட வேண்டும்.

* பழைய துணியை எல்லா ஓரத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். துணி மாட்டும் இடத்தில் நாளை விரல் கிழியும்.

* இருட்டில், எரியும் டார்ச் விளக்கைத் தொட்டிக்குள் வைத்து மூடி, வெளியே சுற்றிப் பார்க்க வேண்டும். வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் வண்டும் போகும்.

* கீழ்வாயின் சரிவு 45 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் நெல் தானாக வழியாது. ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டிச் சோதிக்கலாம்.

* மேல்வாய் 40 சென்டிமீட்டராவது இருந்தால்தான் கை விட்டுத் துடைக்க முடியும்.

தொட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஈர நெல்லைப் போட்டால் கெட்டுவிடும். தகரம் மூச்சு விடாது. 12 சதவிகித ஈரப்பதத்துக்குக் காயவைத்து, சூடு ஆறிய பிறகே கொட்ட வேண்டும். வெயில் நேராகப் படும் இடத்தில் வைத்தால், பகல் சூட்டில் கிளம்பும் ஈரம் இரவில் தகட்டின் உட்பக்கம் வியர்வைபோல் கோத்து, மேல்நெல் பூஞ்சணம் பிடிக்கும். கூரைக்குக் கீழ், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைப்பதே நல்லது. ஈரப்பத அளவு, சேமிப்புப் பூச்சிகள் குறித்த சந்தேகங்களுக்குக் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: ஜி.ஐ. தொட்டியில் ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா வைக்கலாமா?

பதில்: கூடாது. துத்தநாகத்தைப் புளிப்பும் காரமும் அரிக்கும். மாட்டுச் சிறுநீரும் புளித்த கரைசலும் பூச்சைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் டிரம் அல்லது சிமென்ட் தொட்டியே நல்லது. மயில்துத்தம் சேர்த்த போர்டோ கலவையையும் இரும்பு, ஜி.ஐ. பாத்திரத்தில் கலக்கக் கூடாது. அதிலுள்ள செம்பு உலோகத்தின் மேல் படிந்து, கரைசல் வீணாகும். பாத்திரமும் ஓட்டையாகும்.

கேள்வி: காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்கிறார்களே?

பதில்: காந்தச் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304 ரகத்திலும் ஒட்டாது. ஆனால், கடலோரத்தில் 202 விரைவில் பழுப்புக் கறை பிடிக்கும். ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

கேள்வி: தொட்டிக்குள் வண்டுக்கு மாத்திரை போடலாமா?

பதில்: அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் பயன்படுத்தவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு, தூங்குபவர்களைக் கொன்றுவிடும். பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு விதித்திருக்கிறது. நன்கு காய்ந்த நெல்லை, காற்றுப் புகாத தொட்டியில் விளிம்புவரை நிரப்பி மூடினால், உள்ளிருக்கும் கொஞ்சக் காற்றை வண்டுகளே தீர்த்துவிட்டு மடியும். அடிக்கடி திறந்தால் இந்தப் பலன் கிடைக்காது.

கேள்வி: பழைய எண்ணெய் டிரம்மை வெட்டித் தீவனத் தொட்டி செய்யலாமா?

பதில்: உள்ளே என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரியாத டிரம்மைத் தொடவே வேண்டாம். பூச்சிக்கொல்லி, ரசாயனம் இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் தீவனத்துக்கு ஆகாது. எண்ணெய், பெட்ரோல் இருந்த டிரம்மில் மிச்சமிருக்கும் ஆவி, வெல்டிங் நெருப்பு பட்டதும் வெடிக்கும். பட்டறைகளில் உயிர் போன விபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

நெல்லை விற்கும் நாளைத் தள்ளிப்போட முடிகிற விவசாயிக்குத்தான், விலை ஏறும்வரை காத்திருக்க வழி உண்டு. அறுத்த கையோடு, சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவதற்குப் பெரிய காரணம், வைத்துக் காக்க இடமில்லாததுதான். 26 கிலோ தகடு அந்த இடத்தைத் தந்துவிடும். அதற்கு முன் தேவைப்படுவது ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு டேப். அடுத்த முறை பட்டறைக்குக் கிளம்பும்போது, இந்த மூன்றையும் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.